மாறாப் பற்று மாறினால்? ‘அலீஜியன்ஸ்’ படுத்தும் பாடு

அமைச்சர்கள் பதவியேற்கும்போது தமிழில் வாசிக்கும் உறுதிமொழியில் ‘உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும்’ என்றொரு தொடர் வரும். ‘மாறாப் பற்று’ இருக்குமிடத்தில் ஆங்கில மூலத்தில் இருப்பது ‘அலீஜியன்ஸ்’. இதே சொல் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்து, கூடவே ‘மாற்றம்’ என்றும் ஒட்டிக்கொண்டால், அதாவது ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்காக ஆடப் போனால், மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான். ‘மாறாப் பற்றை மாற்றிக்கொண்டார்’ என்றா எழுதுவது?

ஆன் ஹியூன்சூ அப்படி மாறியவர். பனித்தளத்தில் சிறிய வட்டப் பாதையில் சறுக்கி ஓடும் குறுந்தட ஸ்கேட்டிங்கில், 2006 டுரின் ஒலிம்பிக்கில் தென் கொரியாவுக்காக மூன்று தங்கம், ஒரு வெண்கலம் வென்றார். 2008இல் பயிற்சியில் முழங்கால் உடைந்தது. 2010 வான்கூவர் கைநழுவியது. அவரைச் சேர்த்திருந்த நகராட்சி அணியும் கலைக்கப்பட்டது. 2011இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று விக்டர் ஆன் ஆனார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காக இறங்கி, 1000 மீட்டரில் முதலாவதாக வந்ததும் மண்டியிட்டுப் பனித்தளத்தை முத்தமிட்டார். அங்கும் மூன்று தங்கம், ஒரு வெண்கலம். கொரியாவின் குறுந்தட ஆடவர் அணிக்கு அந்த ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் இல்லை. ஆனாலும் கொரியாவில் பலருடைய கோபம் அவர்மேல் திரும்பவில்லை, ஸ்கேட்டிங் சங்கத்தின்மேல்தான் திரும்பியது.

சொல்லுக்கு வருவோம். ‘லீஜ்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது ‘அலீஜியன்ஸ்’. நிலக்கிழாருக்கு அவருடைய ஆள் பட்டிருந்த கடப்பாடு என்பது பொருள். இங்கிலாந்தின் பழைய சட்டப்படி மன்னரின் ஆட்சியில் பிறந்தவர் சாகும்வரை அவருடைய குடி. எந்த நாட்டில் போய்க் குடியேறினாலும் அந்தக் கட்டு அறாது. அமெரிக்கக் கப்பல்களில் வேலை செய்தவர்களை ‘நீ பிறப்பால் எங்கள் குடி’ என்று பிரிட்டிஷ் கடற்படை இழுத்துப் போனதும் இரு நாடுகளும் மோதிய 1812 போருக்கு ஒரு காரணம். 1870இல் வந்த பிரிட்டிஷ் சட்டம்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஆக, ‘மாறா’ என்று சேர்த்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தோ தெரியாமலோ சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார்!

விளையாட்டில் இந்தப் பற்றுக்கு வேலையில்லை. யார் பெயரில் களமிறங்குகிறார் என்பதுதான் கேள்வி. ‘விசுவாச மாற்றம்’ என்றால் துரோக வாடை அடிக்கிறது. ‘நாடு தாவல்’ என்றால் கட்சித் தாவல் நினைவுக்கு வருகிறது. நம் செய்தித்தாள்கள் ‘ரஷ்யா சார்பில் பங்கேற்றார்’ என்று எப்போதோ எழுதத் தொடங்கிவிட்டன. அதிலேயே விடை இருக்கிறது: சார்பு மாற்றம். ‘சார்’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். வழக்கறிஞர் என் சார்பில் வாதாடுகிறார். அவர் என்னை நேசிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

‘குடியுரிமை மாற்றம்’ போதாதா என்றால், போதாது. 2018 ஒலிம்பிக்கில் கொரியாவுக்குத் தங்கம் வென்ற குறுந்தட வீரர் லிம் ஹியோஜுன் 2020இல் சீனக் குடிமகன் ஆனார். ஆனால் பழைய நாட்டுக்காகக் கடைசியாக ஆடி மூன்றாண்டு கழிய வேண்டும் என்பது ஒலிம்பிக் சாசன விதி. அது கழியாததால் 2022 பெய்ஜிங்கில் அவர் இறங்க முடியவில்லை. குடியுரிமை மாறிவிட்டது, சார்பு மாறவில்லை.

அதே பெய்ஜிங்கில் சீன அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக விக்டர் ஆன் நின்றார். இதைச் சார்பு மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான்.