ஒரே மூச்சில் உறையும் கடிதமும்

“இரவு எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பு.”

இந்த வாக்கியத்தை யார் யாரிடம் சொல்கிறார்கள்? முற்பாதி அக்காவுக்கு, பிற்பாதி கையில் இருக்கும் போனுக்கு. கடிதமும் உறையும் உறைமேல் எழுதும் முகவரியும் ஒரே மூச்சில் வெளிவந்துவிடுகின்றன. தட்டச்சு செய்யும்போது இந்தச் சிக்கல் கிடையாது. பெயருக்கு ஒரு கட்டம், செய்திக்கு ஒரு கட்டம், அனுப்புவதற்கு ஒரு பொத்தான் என்று திரையே மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சில் கட்டங்கள் ஏது? குரல் உதவியாளர் என்பது ஒலியை எழுத்தாக்கும் கருவி என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது பாதி வேலைதான். எந்தச் சொல் யாருக்கு உரியது என்று பிரித்தெடுப்பதில்தான் இந்தத் தூதனுக்கு உண்மையான சோதனை இருக்கிறது.

ஒலியிலிருந்தே தொடங்குவோம். போன் மேசைமேல் சும்மா கிடக்கும்போதும் அதன் மைக் விழித்திருக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு பகுதி, வரும் ஒலியில் ‘ஹே சிரி’ போன்ற அழைப்புச் சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்கும். கடைசிச் சில நொடிகளின் ஒலிதான் அதன் நினைவகத்தில் இருக்கும். புதியது வர வரப் பழையது அழிந்துகொண்டே போகும். அழைப்புச் சொல்லைப் போல ஏதோ கேட்டால், இன்னும் பெரிய நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைக் கண்டு பழகிய கணினி நிரல்) ஒன்று எழுந்து அதே ஒலியை மறுபடி சோதிக்கும். அதன் பிறகே முழுக் கருவியும் கண் விழிக்கிறது.

பல கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் இருக்கின்றன. 2014இல் வந்த அமேசானின் முதல் ‘எக்கோ’ ஒலிபெருக்கியில் ஏழு. காரணம் எளிய கணக்குதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. 7 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு மைக்குகளைப் பக்கவாட்டிலிருந்து வரும் குரல் 0.2 மில்லிநொடி முன்பின்னாக அடையும். பேச்சை நொடிக்கு 16,000 முறை அளப்பது வழக்கம். அந்தக் கணக்கில் இந்த வித்தியாசம் மூன்று அளவுகளுக்குச் சற்றே அதிகம். இந்த மயிரிழைத் தாமதத்தைக் கொண்டே குரல் வரும் திசையைக் கணித்து, அத்திசை ஒலியை வலுப்படுத்தி, மற்றவற்றைக் கருவி தணிக்கிறது.

அடுத்து, நொடிக்கு 16,000 எண்களாக வந்த ஒலியை 25 மில்லிநொடித் துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒன்றாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. 100 ஹெர்ட்ஸுக்கும் 200 ஹெர்ட்ஸுக்கும் உள்ள இடைவெளி நமக்கு மிகப் பெரிது. 5,000க்கும் 5,100க்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிதாகவே தெரிகிறது. இதை ஒட்டி 1937இல் வகுக்கப்பட்ட ‘மெல்’ அளவுகோலைத்தான் இன்றைய கருவிகள் பலவும் பயன்படுத்துகின்றன. கீழ் அதிர்வெண்களை நுணுக்கமாகவும் மேல் அதிர்வெண்களைப் பரும்படியாகவும் பிரித்துக்கொள்வதால், ஒவ்வொரு துண்டும் வழக்கமாக 80 எண்களாகச் சுருங்கிவிடுகிறது. நியூரல் நெட்வொர்க்கின் கைக்கு வருவது இந்த எண்கள்தாம்.

இந்த எண்களிலிருந்து எழுத்துக்கு வரும் வழி எளிதாகத் திறந்துவிடவில்லை. 1952இல் பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’ இயந்திரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பெயர்களை மட்டும் அறிந்தது. அதுவும் பழகிய குரலாக இருந்தால்தான் நன்றாக அறிந்தது. பத்தாண்டு கழித்து ஐபிஎம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்கள் வரை வந்தது. நீண்ட காலம் தடையாக இருந்த கேள்வி ஒன்று உண்டு: நூறு துண்டுகளில் எந்தத் துண்டு எந்த எழுத்து? ஒருவர் ‘அக்கா’ என்று அவசரமாகச் சொல்வார். இன்னொருவர் இழுத்துச் சொல்வார். 2006இல் அலெக்ஸ் கிரேவ்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நெட்வொர்க் ஓர் எழுத்தையோ வெற்றிடத்தையோ சொல்லட்டும்; அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாகச் சேர்த்து, வெற்றிடங்களை நீக்கிவிடலாம். ‘அ, அ, வெற்றிடம், க், க், வெற்றிடம், கா, கா, கா’ என்று வந்தாலும் கிடைப்பது ‘அக்கா’தான். எந்த நொடியில் எந்த எழுத்து என்று மனிதர் யாரும் குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த முறைகள் இதைத் தாண்டிப் போய்விட்டாலும், இந்த எண்ணம் இன்றும் எனக்கு வியப்பைத் தருகிறது.

இனி முகவரி. பெயர்கள்தாம் பேச்சறியும் கருவிக்கு மிகவும் கடினமானவை. எழில் என்று ஒரு நண்பர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எ’ சற்று நீண்டால் ‘ஏழில்’ என்று ஆகிவிடும். ஏழு பொதுவழக்கில் அடிக்கடி வரும் சொல் என்பதால் கருவியின் சாய்வும் அந்தப் பக்கமே இருக்கும். இதைச் சமாளிக்க, போனில் உள்ள தொடர்புப் பட்டியலின் பெயர்களுக்குக் கூடுதல் எடை தருகிறார்கள். ‘செய்தி அனுப்பு’ போன்ற சொற்கள் கேட்டால் அருகில் ஒரு பெயர் இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. அதோடு முடிவதில்லை. ‘எழிலுக்கு’ என்பதில் வேற்றுமை உருபை உரித்தால்தான் பெயர் கிடைக்கும். பலர் பெயர்களை ரோமன் எழுத்தில் சேமித்திருப்பார்கள். ழகரத்துக்கு அங்கே ஆளுக்கொரு வழக்கம். எனவே எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டையும் உச்சரிப்புக்கு மாற்றி, உச்சரிப்போடு உச்சரிப்பைத்தான் ஒப்பிட வேண்டும். ‘மாமா’ என்று மூன்று பேர் பட்டியலில் இருந்தால் எந்த மாமா என்று கேட்பது ஒன்றே சரியான வழி.

இப்போது கடிதத்துக்கும் உறைக்கும் நடுவே உள்ள கோட்டுக்கு வருவோம். தமிழில் அந்தக் கோட்டுக்கு ஒரு சொல்லே இருக்கிறது: ‘என்று’. அதற்கு முன்னால் இருப்பது கடிதம். பின்னால் இருப்பது கட்டளை. இவ்வளவு தெளிவான அடையாளத்தை மொழியே கொடுத்திருப்பது பெரிய வசதி. ஆனால் அது வாக்கியத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. வினைச்சொல் முன்னால் வரும் மொழிகளில், முதல் இரண்டு சொற்களிலேயே ‘இது செய்தி அனுப்பும் வேலை’ என்று கருவிக்குத் தெரிந்துவிடும். தமிழில் ‘அனுப்பு’ வரும்வரை அது காத்திருக்க வேண்டும். அதுவரை கேட்டதெல்லாம் கேள்வியா, நினைவூட்டலா, செய்தியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

‘என்று’ இரண்டு முறையும் வரலாம். “நாளை வருவேன் என்று அப்பா சொன்னார் என்று அக்காவிடம் சொல்.” முதல் ‘என்று’ கடிதத்துக்குள் இருப்பது, இரண்டாவதுதான் உறை. கடைசியாக வருவதே உறை என்று விதி வகுத்தால் இந்த வாக்கியம் தப்பிக்கும். ஆனால் “அப்பாவைச் சாப்பிடச் சொல்” என்றால்? அங்கே ‘என்று’ இல்லவே இல்லை. அப்பாவுக்குப் போக வேண்டிய செய்தி ‘சாப்பிடுங்கள்’. பேசியவர் சொல்லாத ஒரு சொல்லைக் கருவி தானே ஆக்கித் தர வேண்டும். அதுவும் ‘சாப்பிடு’ என்று ஆக்கிவிட்டால் மரியாதைக் குறைவு. “தம்பி கிளம்பிவிட்டானா என்று அவனிடம் கேள்” என்றால் ‘கிளம்பிவிட்டாயா?’ என்று படர்க்கையை முன்னிலையாக மாற்ற வேண்டும். அதே கேள்வி ஆசிரியருக்கு என்றால் ‘கிளம்பிவிட்டீர்களா?’. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற அறிவு ஒலியலையில் கிடையாது. உறவில்தான் இருக்கிறது.

இந்த இடர்ப்பாட்டைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு. பெயரை முதலில் வாங்கிக்கொண்டு, “என்ன சொல்ல வேண்டும்?” என்று கருவி தனியாகக் கேட்பது. அடுத்து வருவதெல்லாம் அப்படியே கடிதம். சற்று நீளமான உரையாடல்தான்; ஆனால் எனக்கு இதுவே நேர்மையான வழியாகப் படுகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெருமொழி மாதிரிகள் இன்று மேற்சொன்ன மாற்றங்களை எல்லாம் சரளமாகச் செய்கின்றன. சரளம் கூடினால் நாம் சொல்லாத பணிவையும் காரணத்தையும் அவை சேர்த்துவிடக்கூடும். ஆகவே அனுப்புவதற்கு முன் செய்தியைப் படித்துக்காட்டி “அனுப்பவா?” என்று கேட்கும் அந்த ஒரு படியை யாரும் அணைத்து வைக்க வேண்டாம் என்பேன்.

‘ஆம்’ என்று சொன்னதும் குரலின் வேலை முடிந்தது. செய்தி சாதாரணச் செய்தி செயலியிடம் ஒப்படைக்கப்படுகிறது. விரலால் தட்டியதற்கும் இதற்கும் அங்கே வேறுபாடு இல்லை. எஸ்எம்எஸ் என்றால் 140 பைட் உறைக்குள் அது அடங்க வேண்டும். நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் 1992 டிசம்பர் 3 அன்று முதல் எஸ்எம்எஸ்ஸை அனுப்பியபோதும் உறையின் அளவு இதுவே. ஆங்கில எழுத்துகள் அதில் 160 கொள்ளும். தமிழ் பொதுவாக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் போவதால் 70 குறியீடுகள்தாம். ‘வருகிறேன்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு. துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பேசும்போது யாரும் எழுத்தை எண்ணுவதில்லை என்பதால், குரலால் அனுப்பும் தமிழ்ச் செய்தி எளிதில் இரண்டு மூன்று உறைகளாகப் பிரிந்து போய், பெறுபவரின் போனில் மீண்டும் ஒட்டப்படுகிறது.

பதில் திரும்பி வரும் பாதையில் வேலை தலைகீழ்: எழுத்து ஒலியாக வேண்டும். ‘5 பேர்’ என்பதை ‘ஐந்து பேர்’ என்றும், ‘5வது’ என்பதை ‘ஐந்தாவது’ என்றும், ‘10.30’ என்பதை மணியாகவும் முதலில் விரிக்க வேண்டும். எமோஜிகளுக்கு யூனிகோட் அமைப்பு மொழிவாரியாகப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தமிழ் எழுத்து தரும் சிக்கல் வேறு. ‘பாவம்’ என்று எழுதியிருந்தால் இரக்கமா, நடிப்பில் வரும் முகபாவமா? எழுத்து ஒன்று, முதல் ஒலி இரண்டு. சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரோமன் எழுத்தில் தட்டிய தமிழ்ச் செய்தி வந்தாலோ, அதை ஆங்கிலம் என்று எண்ணி யாருக்கும் புரியாத ஒலியாக வாசித்துவிடும் அபாயம் இருக்கிறது. உச்சரிப்பு முடிவானதும் ஒரு நெட்வொர்க் அதை அதிர்வெண் படமாக மாற்ற, இன்னொன்று அந்தப் படத்தை ஒலியலையாக்கும். 2016இல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேவ்நெட்’ ஒவ்வோர் ஒலி அளவையும் முந்தையவற்றைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கிக் காட்டிய பிறகுதான் இயந்திரக் குரலில் மனிதச் சாயல் ஏறியது.

வந்த செய்தியை முழுதாக வாசிக்காமல் சுருக்கிச் சொல்லும் வசதியும் இப்போது வந்துவிட்டது. ஆப்பிளின் அறிவிப்புச் சுருக்கங்கள் செய்தித் தலைப்புகளைத் தவறாகத் தந்ததாக 2024 டிசம்பரில் பிபிசி புகார் செய்தது. அடுத்த மாதமே செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்தி வைத்தது. ஊர்ச் செய்திக்கே இப்படி என்றால், வீட்டுச் செய்தியைச் சுருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதக் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியில் கட்டளைகளை ஒளித்து அனுப்பிக் குரல் உதவியாளர்களை இயக்கிக் காட்டினார்கள். 2019இல் இன்னொரு குழு லேசர் ஒளியை மைக்கின்மேல் பாய்ச்சியே அதைச் செய்தது. போன் பூட்டியிருக்கும்போது செய்தி வாசிக்கவும் அனுப்பவும் தடை வைப்பது இதனால் அவசியமாகிறது. வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: குரலால் செய்தி அனுப்பி முடித்த பிறகும் 27 நொடிகள் வரை கவனச் சிதறல் நீடிக்கக்கூடும் என்று யூட்டா பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு கண்டது. கை விடுபட்டாலும் மனம் அந்த உரையாடலிலேயே நிற்கிறது.

வசதிக்காக இதைப் பயன்படுத்துபவர்களை விட, பார்வை இல்லாதவர்களுக்கும் விரலை அசைக்க இயலாதவர்களுக்கும் இது பல மடங்கு முக்கியம். ஆனால் எல்லாக் குரலும் இதற்கு ஒன்றாகக் கேட்பதில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் அமைப்புகளைச் சோதித்தபோது, அமெரிக்க வெள்ளையர் பேச்சில் சராசரியாக 19 விழுக்காடு சொற்பிழையும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடும் வந்தன. பயிற்சிக்குக் கொடுத்த குரல்களில் யார் குறைவோ, அவர்களைக் கருவி குறைவாகவே புரிந்துகொள்கிறது.

திக்கிப் பேசுபவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பேச்சு முடிந்துவிட்டதா என்பதைக் கருவி பெரும்பாலும் மௌனத்தின் நீளத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது. சற்று நின்றால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பாதிச் செய்தியோடு கதவைச் சாத்திவிடும். 2022இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 16இல், ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நீட்டிவைக்கும் தேர்வு அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டில் அப்படிப் பேசுபவர் யாராவது இருந்தால், அவருடைய போனில் அந்தத் தேர்வைத் தேடி மாற்றிவையுங்கள். ‘அக்’ என்ற இடத்தில் நின்றுபோனவர், மூச்சைச் சேர்த்துக்கொண்டு ‘காவுக்கு’ என்று முடிக்கும்வரை அது காத்திருக்கும்.