கேரியர்: கொசுவுக்கு வைத்த பெயர் பெற்றோருக்கு எதற்கு?

காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்கு மரபணுச் சோதனை முடிவை விளக்கும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்று போன மாதம் திருத்தத்துக்கு வந்தது. மூன்றாவது வரி: ‘நீங்கள் இருவரும் நோய் கடத்திகள்.’ பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆங்கில மூலச்சொல் கேரியர்: மாறிய மரபணு தன்னிடம் இருந்தும் தனக்குப் பாதிப்பு இல்லாதவர், ஆனால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர். வண்டியைக் குறித்த லத்தீன் ‘கார்ரஸ்’ வழி வந்தது. டிபன் கேரியரும் சைக்கிள் கேரியரும் அதே சொல்தான்.

சரி, கடத்திக்கு வருவோம். நம் பாடநூலில் நோய்க்கடத்தி என்றால் கொசு. தெருவில் கடத்துகிறவன் என்றால் மணலோ தங்கமோ கடத்துகிறவன். இரண்டில் எந்த வரிசையில் நிற்பது அந்தத் தாய்? ‘எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே’ என்று மாமியார் ஏற்கெனவே தொடங்கியிருப்பார். அவர் கையில் இந்தத் தாளையும் கொடுக்கலாமா? ‘நோய்’ இன்னும் மோசம். ஒட்டிக்கொள்ள இதில் கிருமி ஏது? கேரியராக இருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

‘சுமப்பவர்’ என்கிறார்கள் சிலர். தமிழில் சுமப்பது தாய் மட்டும்தான், அப்பா நழுவிவிடுவார். இலங்கை வழக்கான ‘காவி’ நல்ல சொல், காவடியின் உறவு. ஆனால் அங்கே நுளம்பும், அதாவது நம் கொசுவும், நோய்க்காவிதான். இங்கே காவி என்றால் வேட்டி நினைவுக்கு வரும்.

நான் எழுதுவது ‘ஒருபடி உடையவர்’. படி என்றால் பிரதி. ஒவ்வொருவரிடமும் பெரும்பாலான மரபணுக்கள் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு படிகளாக இருக்கின்றன. இந்தியக் குழந்தைகளின் காது கேளாமைக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்றான ஜிஜேபி2 மரபணுவில் ஒரு படி மட்டும் மாறியிருந்தால் மற்றது காப்பாற்றிவிடும். அப்படி மாறிய படி ஒன்று இருப்பவர்தான் ஒருபடி உடையவர். இருவரும் ஒருபடி உடையவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு மாறிய படிகள் இரண்டும் சேரும். பழி சரிபாதி, உண்மையில் பழியே இல்லை. அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது!

திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்தது: ‘ஒருபடி உடையவர் (நோய் கடத்தி)’.