தீப்பொறியைக் கையால் நகர்த்திய கார்கள்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று விடியற்காலையில் லண்டன் ஹைட் பார்க் பக்கம் தற்செயலாகச் செல்லும் வெளிநாட்டுப் பயணி, குதிரையை அவிழ்த்துவிட்ட குதிரை வண்டிகளைப் போன்ற நூற்றுக்கணக்கான வாகனங்கள் புகையும் அதிர்வுமாகப் புறப்படுவதைக் கண்டு திகைத்து நிற்பார். 1905க்கு முன் தயாரான கார்கள் மட்டுமே கலந்துகொள்ளும் லண்டன்–பிரைட்டன் ஓட்டம் அது. இயந்திர வண்டிகளின் வேக வரம்பை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்திய சட்டம் 1896 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது நடந்த ஓட்டத்தின் நினைவாக, 1927இல் இது மீண்டும் தொடங்கப்பட்டது. இது பந்தயம் அன்று. சுமார் 60 மைல் கடந்து பிரைட்டன் கடற்கரையை அடைந்தாலே போதும்.

பார்வையாளர்களின் கண் பித்தளை விளக்குகளில்தான் நிலைக்கிறது. கவனிக்க வேண்டியது ஓட்டுநரின் கை என்பேன். அது ஒரு சிறு நெம்புகோலை ஓயாமல் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும். எஞ்சினுக்குள் தீப்பொறி எழும் கணத்தை மாற்றுவதே அதன் வேலை.

சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை ஒரே கணத்தில் முழுவதும் வெடித்துவிடுவதில்லை. தீப்பொறியில் பிறக்கும் சுடர் கலவை முழுவதும் பரவச் சில மில்லி நொடிகள் ஆகின்றன. நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு மில்லி நொடியில் 2 பாகைக்கும் குறைவாகவே திரும்புகிறது. 1,500 சுற்றில் 9 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே வேகம் கூடும்போது, சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு நன்கு முன்னதாகவே பொறியை எழுப்பினால்தான், அது கீழிறங்கத் தொடங்கும் தருணத்தில் அழுத்தம் முழு வலுவுடன் கிடைக்கும். ஹேண்டில் போட்டுக் கிளப்பும்போது நிலைமை நேர்மாறானது. பொறியை உச்சிக்குப் பின்னே தள்ளி வைக்க மறந்தால், எஞ்சின் பின்னோக்கி உதைத்துச் சுழற்றுபவரின் மணிக்கட்டையே முறித்துவிடக்கூடும்.

இதற்கும் முந்தைய சில எஞ்சின்களில் பொறியே கிடையாது. பர்னர் சுடரில் செந்தணலாகக் காய்ந்த சிறு பிளாட்டினக் குழாய்க்குள் அழுந்திப் புகும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அதன் டைமிங்கை ஓட்டுநர் விரும்பியபடி மாற்ற வழியில்லை; பெட்ரோலுக்கு அருகில் திறந்த சுடரை எரியவிட்டுப் பயணம் செய்த துணிச்சலையும் மெச்சத்தான் வேண்டும்.

பிரெஞ்சு கார் நிறுவனமான டி டியான்-பூட்டோனின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் மின்பொறியைக் கொண்டே அக்காலத்துக்கு வியப்பான வேகத்தில் சுழன்றது. ஆனால் கலவையை உள்ளே விடும் வால்வை இயக்க அதில் கேம், அதாவது சுழன்றபடி வால்வைத் தள்ளித் திறக்கும் புடைப்புள்ள பாகம், இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தமே மெல்லிய ஸ்பிரிங்கை மீறி வால்வைத் திறக்கும். அமைப்பு எளிதுதான், எனினும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு மூடத் தாமதிக்கும், இறுகியிருந்தால் திறக்கத் தாமதிக்கும். வேகம் கூடக் கூட இந்தத் தாமதம் வலுவைத் தின்றதால்தான், பின்வந்த எஞ்சின்களில் அந்த வால்வையும் கேம் இயக்கலாயிற்று.

பிரைட்டனுக்கு முன்னுள்ள குன்றுகளில் ஏறும்போது சுழற்சி தளரும். அப்போது பொறியைப் பின்தள்ளாவிட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்த ஒலியைக் காதால் கேட்டே ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்துகிறார். அதற்கும் வண்டி மசியாதபோது, உடன் வந்தவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள்.