240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும்: நாட்டு நலப்பணித் திட்டம் நெல்லை மாணவருக்கு என்ன தருகிறது?

கல்லூரி திறந்த சில வாரங்களில் முதலாண்டு வகுப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அதில் இருக்கும். பாதிப் பேர் அதை மரக்கன்று நடுகிற வேலை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார்கள். சான்றிதழ் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டவர்கள் மட்டும் கை தூக்குவார்கள். பாளையங்கோட்டையில் சில ஆண்டுகள் இதன் பொறுப்பாசிரியராக, அதாவது திட்ட அலுவலராக, இருந்தவன் என்ற முறையில், இந்த இரண்டு தரப்புக்காகவும் இதை எழுதுகிறேன்.

என்.எஸ்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. மத்திய அரசின் இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் இது நடக்கிறது. நம் பக்கத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் உண்டு. சேர நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையில் இருப்பவர்கள் அதே நேரத்தில் இதில் சேர முடியாது.

ஒரு தொண்டரின் காலம் இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் மொத்தம் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அந்த 120 மணியில் 20 மணி அறிமுகப் பயிற்சி, 30 மணி கல்லூரி வளாகத்துக்குள் வேலை, மீதி 70 மணி வெளியே, மக்களோடு. இந்த எழுபதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஓடியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களில் சேறு அள்ளிய மாணவர்களுக்கு அந்த நேரமும் பணிக் கணக்கில் ஏறியது.

வெளிப் பணி என்றால் துடைப்பமும் மண்வெட்டியும்தான் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆண்டு எங்கள் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசா இளைஞர்களுக்கு டவுண் பஸ்ஸின் ஊர்ப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பேட்டை, மேலப்பாளையம், சமாதானபுரம் என்று அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். முதல் வாரம் சைகையிலேயே போயிற்று. இரண்டாம் வாரம் அவர்களில் ஒருவர் எங்கள் மாணவியின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டி, “கோணார்க்” என்றார். அவர் சொன்னது சரி. என்.எஸ்.எஸ். சின்னத்தில் உள்ள எட்டு ஆரச் சக்கரம், ஒடிசாவின் கோணார்க் சூரியன் கோயில் தேர்ச் சக்கரத்திலிருந்து எடுத்ததுதான். எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டு சாமங்களை, இருபத்து நான்கு மணி நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இருப்பதைக் குறிக்கின்றன. அன்று முதல் எந்த வகுப்பிலும் நான் சின்னத்தை விளக்கத் தொடங்கினால், அந்த மாணவியே எழுந்து சொல்லிவிடுவாள்.

இனி சிறப்பு முகாம். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் தங்க வேண்டும். நூறு பேர் கொண்ட அலகில் ஐம்பது பேர் போகலாம். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ எல்லோரும் ஒன்றாகப் படுத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட வேண்டும். தேச ஒற்றுமை என்ற பெரிய சொல் திருநெல்வேலிச் சீமையில் தொடங்க வேண்டிய இடம் இந்தப் பந்திதான் என்பது என் உறுதியான எண்ணம். நம் பள்ளிகளில் பையன்கள் தங்கள் சாதியைக் காட்டக் கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதியின் பெயரால் சொந்த வீட்டிலேயே வெட்டப்பட்டதும் தெரியும். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்த்த கை அடுத்து எதைப் பிடிக்கும் என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டுமே. முகாம் அந்த ஏற்பாடு.

அது தானாக நடந்துவிடாது. முதல் நாள் விட்டுவிட்டால், ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களோடுதான் பாய் விரிப்பார்கள். ஆகவே சமையல் குழு, சுகாதாரக் குழு எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். வீட்டிலிருந்து தட்டும் டம்ளரும் கொண்டு வரச் சொல்லும் வழக்கத்தையும் நிறுத்தினோம். வாடகைக்கு எடுத்த ஐம்பது எவர்சில்வர் தட்டுகள்; யார் சாப்பிட்டது என்று அடையாளம் இல்லாமல் கழுவி அடுக்குவது அன்றைய குழுவின் பொறுப்பு. மானூர் பக்கத்து முகாம் ஒன்றில், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டபடியே பரிமாறிக்கொண்டிருந்தான் ஒரு மாணவன். சாம்பார் அண்டா தேய்க்க வேண்டிய முறை வந்தபோது சட்டையை முழங்கை வரை சுருட்ட வேண்டியதாயிற்று. சாம்பலும் தேங்காய் நாருமாய் அவனோடு அண்டாவைப் பிடித்திருந்தவன் கயிற்றைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் ஊற்றினான். நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு இருவரும் ஒரே பையில் துணி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

உள்ளூரில் தேறியவர்களுக்குத் தேசிய ஒருமைப்பாட்டு முகாம் இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ இருநூறு தொண்டர்கள் ஓரிடத்தில் ஏழு நாள் தங்குவார்கள். உணவும் தங்குமிடமும் முகாமில் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலத்தாரும் தங்கள் உணவு, உடை, கலையைக் காட்ட ஒரு வாய்ப்பு வரும். இதற்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: அல்வா எல்லோரும் கொண்டு போவார்கள், நீங்கள் சிறிய பத்தமடைப் பாய் ஒன்றையும் சுருட்டி எடுத்துப் போங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நெய்வது அது. மணமக்கள் பெயர் போட்டு நெய்த பாய் எல்லாச் சமயத்தார் கல்யாணத்துக்கும் போகிறது என்று சொல்லுங்கள். மொழி புரியாதவர்களும் பாயைத் தடவிப் பார்ப்பார்கள். பேச்சு அங்கிருந்து வளரும். இந்தி தெரியவில்லையே என்று தயங்கிப் பெயர் கொடுக்காமல் இருப்பது பெரிய இழப்பு. வந்திருக்கும் மணிப்பூர், மிசோரம் பிள்ளைகளில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை.

டெல்லிக் குடியரசு தின அணிவகுப்புக்கும் நாடு முழுவதிலுமிருந்து இருநூறு தொண்டர்கள் ஜனவரி மாத முகாமுக்குப் போகிறார்கள். அதற்கு முன் மண்டல அளவில் தேர்வு முகாம் உண்டு. நடைப் பயிற்சி, கலைத் திறன் இரண்டும் பார்ப்பார்கள்.

படிப்பை விட்டுவிட்டவர்களுக்கு என்.எஸ்.எஸ். இல்லை. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள், 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கிய மத்திய அரசின் ‘மேரா யுவ பாரத்’ இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வேறு மாநிலத்துக்குப் போய்ப் பார்த்து வரும் ‘யுவ சங்கம்’ பயணத்துக்கு 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்குப் போகாதவர்களும் அதில் உண்டு.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த சில முகாம்கள் பேனர் கட்டி, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டு, படம் எடுத்து, மாலை பஸ்ஸில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் மறுபடி கூட்டியவை. இரவு தங்காத முகாம் முகாமே இல்லை. பாதுகாப்பு கருதிப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், பெண் ஆசிரியர் உடன் தங்குகிறாரா, கழிப்பறை இருக்கிறதா என்று திட்ட அலுவலரிடம் நேரில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு ஆண்டுப் பணி நேரத்தையும் ஒரு சிறப்பு முகாமையும் முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அதற்கு ஆதாரம் உங்கள் பணி நாட்குறிப்பு. தேதி, இடம், செய்த வேலை, மணிக்கணக்கு ஆகியவற்றை அன்றன்றே எழுதித் திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக எழுதினால் சேறு அள்ளிய தெருவின் பெயர்கூட நினைவுக்கு வராது.