காது கேட்கிறது, பேச்சுதான் பிடிபடவில்லை

மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார். கொஞ்சம் குரலைக் கூட்டினால் "ஏன் கத்துறே, நான் என்ன செவிடா?" என்பார். எழுபது தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீடுகளில் அன்றாடம் நடக்கும் சண்டை இது. வீம்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் சொல்வது இரண்டுமே உண்மை.

உட்காதில் காக்ளியா என்ற சுருள் குழாய் இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள். உள்வரிசையில் உள்ள 3,500 செல்கள்தான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. வெளிவரிசைகளில் இருக்கும் 12,000 செல்களின் வேலை, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. வயதாக ஆக அதிகம் அடிபடுவது இந்த வெளிவரிசைதான். ஒரு செல் போனால் போனதுதான், மனிதக் காதில் அது மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெருக்கிக் கொடுக்க ஆளில்லாததால் மெல்லிய ஒலி காணாமல் போகிறது. பெரிய ஒலிக்கு எப்போதுமே அந்த உதவி தேவைப்பட்டதில்லை, ஆகவே அது பழைய பலத்தோடு வந்து அறைகிறது. 'கேட்கவில்லை'க்கும் 'காது வலிக்கிறது'க்கும் நடுவே இருந்த அகலமான இடம் குறுகிவிடுகிறது. தாத்தாவின் கோபம் அந்த இடுக்கிலிருந்து வருகிறது.

முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ட, த, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கங்களோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால் யாரோ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பது தெரிவதில்லை. நாம் கத்தும்போது நீள்வதும் பெருப்பதும் உயிரொலிதான். தேவையான மெய்யொலிக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, சற்று நிதானமாகப் பேசினால் போதும். கத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, இதுவரை காதின் கதை. கண்ணாடி அறைக்குள் 'பீப்' ஒலி வைத்துச் செய்யும் பரிசோதனையில் நன்றாகவே தேறிவிடும் அறுபது வயதுக்காரர்கூட பினாங்கு லெபோ பாசாரில், பழையவர்கள் வாயில் கடைத்தெருவில், திணறுகிறார். இந்தக் கடையில் ஒரு பாட்டு, எதிர்க்கடையில் வேறொரு பாட்டு, நடுவில் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் நடக்கும் மகள் சொல்லும் விலை மட்டும் நழுவிவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம் 2009இல் வெளிப்பட்டது. ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளைப் பலத்த சத்தத்துக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். மயிர்ச் செல்கள் அப்படியே இருந்தன, கேட்கும் திறனும் திரும்பி வந்தது. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. வயது ஏறும்போதும் இதே சேதம், செல் சாவதற்கு முன்பே தொடங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. அமைதியான அறையில் மிச்சமிருக்கும் இணைப்புகளே போதும். இரைச்சலில் போதாது.

அப்புறம் நேரக் கணக்கு. 'படம்', 'பட்டம்' இரண்டையும் பிரிப்பது நாக்கு மேலண்ணத்தை அடைத்து நிற்கும் அந்தக் கண நேர மௌனம். மூளை அதை அளக்க வேண்டுமானால், முன்னே வந்த ஒலிக்கான துடிப்பை நரம்பு செல்கள் சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தலைச் செய்யும் காபா என்ற வேதிப்பொருளின் வேலை முதுமையில் தளர்கிறது. ஒலியின் ஓரங்கள் மழுங்குகின்றன. ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்த சோதனைகளில், இப்படிப்பட்ட மௌன இடைவெளியை உணர முதியவர்களுக்கு இளையவர்களைவிட நீளமான இடைவெளி தேவைப்பட்டது. தமிழிலோ தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு ஜோடிச் சொல்.

மூளை இதையெல்லாம் கைகட்டி வேடிக்கை பார்ப்பதில்லை. 1989இல் ராபர்ட்சன், இர்வின் என்ற ஆய்வாளர்கள் வளர்ந்த கினிப் பன்றிகளின் காக்ளியாவில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தினார்கள். அந்தப் பகுதியின் ஒலிக்கென்று மூளையில் ஒதுக்கப்பட்டிருந்த இடம் சும்மா கிடக்கவில்லை. சில வாரங்களில் பக்கத்து அதிர்வெண்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. வளர்ந்த மூளையும் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல சான்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாற்றம் எப்போதும் நமக்குச் சாதகமாக அமையும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வரும் சமிக்ஞை பலவீனமானால் மூளை தன் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டுகிறது. தூரத்து வானொலி நிலையத்தைப் பிடிக்கக் குமிழைத் திருகினால் கரகரப்பும் சேர்ந்து ஏறுமே, அதேதான். காதுக்குள் ஓயாமல் கேட்கும் 'ங்ஙொய்' ஓசைக்கு இன்று பல ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கமும் இதுதான்.

இன்னொரு மாற்றம், வேலையை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுப்பது. இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் முதியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால், திட்டமிடலுக்கும் கவனத்துக்கும் உரிய முன்பகுதி இளையவர்களைவிட அதிகம் உழைப்பது தெரிகிறது. விட்டுப்போன சொல்லை வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகிக்கிறார்கள். அறுபது எழுபது வருடம் சேர்த்த சொல்வளம் இங்கே கைகொடுக்கிறது, அது எளிதில் தேய்வதில்லை. ஆனால் ஊகிக்கச் செலவாகும் சக்தி வேறு எங்கிருந்தோதான் எடுக்கப்படுகிறது. இரைச்சலில் கேட்ட சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொன்னவர்கள்கூடப் பிறகு அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று 1968இலேயே பேட்ரிக் ராபிட் என்ற உளவியலாளர் காட்டிவிட்டார். மண்டபத்தில் கல்யாண விருந்து முடிந்து வீடு திரும்பும் பெரியவருக்கு யார் என்ன சொன்னார் என்று ஞாபகம் இல்லையென்றால், உடனே மறதி நோய் என்று பயந்துவிட வேண்டாம். அவரிடம் அன்று பதிந்து வைக்கச் சக்தி மிஞ்சியிருக்காது.

நம் மலேசியாவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வீட்டில் தமிழ், சந்தையில் ஹொக்கியன், அரசு அலுவலகத்தில் மலாய், கிளினிக்கில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர்கள் இவர்கள். பிறகு கற்ற மொழி எவ்வளவு சரளமாக இருந்தாலும், இரைச்சல் வந்தால் தாய்மொழியைவிட அதிகம் அடிபடும். முகக்கவசம் போட்ட டாக்டர் மலாயில் வேகமாகப் பேசும்போது உயர் ஒலியும் குறைகிறது, உதடும் தெரிவதில்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு வருவார். மாத்திரை எத்தனை வேளை என்று வீட்டில் கேட்டால் விழிப்பார். நினைவாற்றல் சோதனையையும் வாய்மொழியாகவே வைத்தால், காதின் குறை மூளையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

பேசும் பக்கத்திலும் மாற்றம் உண்டு. குரல் நாண்கள் மாறுவதால் ஆண் குரல் சற்று ஏறும், பெண் குரல் சற்று தாழும், இருவருக்கும் பலம் குறையும். கணவரின் குரல் தேயும் அதே வருடங்களில்தான் மனைவியின் காதும் தேய்கிறது. பெயர்கள் நாக்கு நுனியில் வந்து நிற்பதும் கூடும். ஆளைத் தெரியும், ஊர் தெரியும், பெயர் மட்டும் வராது. பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் இணைப்பு தளர்வதுதான் காரணம். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கேட்புக் குறைவை டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024 அறிக்கையிலும் வைத்திருக்கிறது. அப்படியானால் காது கருவி போட்டால் மூளை தப்புமா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று ஆண்டு கவனித்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த குழுவில் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்கள் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லும், முதலாவதையும் சேர்த்தே படியுங்கள்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, கருவியை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவது. பல வருடம் கேட்காத தட்டுச் சத்தமும் செருப்புச் சத்தமும் முதல் நாளே ஒன்றாக வந்து விழும். மூளை இவ்வளவு காலம் குறைந்த ஒலிக்குப் பழகியிருக்கிறது, மறுபடி பழக வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதலில் வீட்டுக்குள் தினமும் சில மணி நேரம், ஒரே ஆளோடு பேச்சு, மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தி, அதற்குப் பிறகு உணவுக்கடை. கூடவே சேர்ந்து பாடினால் நல்லது. டொரொண்டோவில் பத்து வாரம் குழுவாகப் பாடிப் பழகிய முதியவர்கள் இரைச்சலில் பேச்சை முன்பைவிட நன்றாகப் பிடித்தார்கள். கோயில் பஜனைக் குழுவில் தாளம் போடுவதோடு நிற்காமல் வாய் திறந்து பாடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு அது சர்வசாதாரணம், பெரும்பாலும் எளிதாக எடுத்துவிடுவார்கள். பஞ்சுக் குச்சியை மட்டும் உள்ளே விடாதீர்கள், அது குறும்பியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.