பொருள் எண் 23: பாதியில் நின்ற வாறுகால்

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். நான் அங்கே மன்றப் பிரிவில் இருந்தபோது, ஐப்பசி மழை வெறித்த ஒரு காலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா ஆபீஸ் படியேறி வந்தார். சேலைக் கரை முழுக்கச் சேறு.

“சார், புது வாறுகால் எங்க வீட்டு வாசலோட நின்னுருச்சு. கண்மாய் ஓடை வரைக்கும் போகும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இப்பத் தெருத் தண்ணி அம்புட்டும் எங்க வாசல்லதான் நிக்குது. இனி எங்குட்டு சார் போகும்?”

தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான்கு மாதத்துக்கு முந்தைய சாதாரணக் கூட்டம். பொருள் எண் 23. அந்தத் தெருவின் பெயர், ‘இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை கான்கிரீட் வடிகால் அமைத்தல்’, மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி என்ற விவரம், கீழே அலுவலகக் குறிப்பு: ‘மன்றம் அனுமதிக்கலாம்.’ அந்த ‘வரை’க்கு முன்னால் இருந்தது அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். அங்கிருந்து ஓடைக்கு இன்னும் ஐம்பது மீட்டர் சொச்சம் இருந்தது.

யாரும் பணத்தைச் சுருட்டவில்லை. காகிதத்தில் இருந்த நீளத்துக்குத் தரையிலும் வேலை சரியாக நடந்திருந்தது. அந்த நிதியில் அவ்வளவுதான் இருந்தது. மிச்சத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று பொறியியல் பிரிவில் நினைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்குமா? தெருவில் குடியிருக்கும் ஒரே ஒரு ஆள் அந்த வரியைக் கூட்டத்துக்கு முன்னால் படித்திருந்தால், “இங்கே நிறுத்தினால் தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்டிருப்பார். படிக்கவில்லை. அந்த வரியைத் தட்டச்சு செய்த எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அந்தச் சேறு பட்ட சேலைக் கரையை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு உறுத்தும்.

பணிக்காலத்தில் பெரும்பகுதியை அஜெண்டா தயாரிப்பதிலும் மினிட்ஸ் எழுதுவதிலும் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் மக்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தீர்மானம் ஆன பிறகு ஓடி வருவதில் பாதிப் பலன்கூட இல்லை. தீர்மானத்துக்கு முந்தின சில நாட்கள்தான் உங்கள் கையில் இருப்பவை.

நகர்மன்றம் மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு பிரிவு பிரிவாகக் குறிப்புகள் வரும். வரி வசூல், வரவு செலவு, குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்குச் சாமான்கள், பிளீச்சிங் பவுடர், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் சம்பளம், வாரச் சந்தை குத்தகை, பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறை ஏலம், கடை வாடகை பாக்கி, சாலை, வாறுகால். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி எண் கொடுத்தால் அதுதான் பொருள் நிரல், நாங்கள் சொல்லும் அஜெண்டா. ஆணையாளரும் தலைவரும் கையெழுத்துப் போட்டதும் அலுவலக உதவியாளர் டிவிஎஸ் 50-யில் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, டெலிவரி புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவார். அன்று சாயங்காலம் முதல் கூட்ட நாள் காலை வரை அந்தக் காகிதம் உங்கள் கவுன்சிலர் வீட்டில் இருக்கிறது. கேட்டால் காட்ட மாட்டேன் என்று சொன்ன உறுப்பினரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டவர்களைத்தான் பார்த்ததில்லை.

காகிதத்தின் மொழிதான் பலரைத் தடுக்கிறது. தெருவில் வாறுகால் என்போம், காகிதத்தில் வடிகால் என்றிருக்கும். ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்று முடிந்தால் அது வெறும் தகவல். ‘பார்வைக்கும் முடிவிற்கும்’ என்றால் உறுப்பினர்கள் தீர்மானிக்க வேண்டியது. ‘அனுமதிக்கலாம்’ என்பது அலுவலகத்தின் பரிந்துரை, அவ்வளவுதான். அதை ஏற்கவும், திருத்தவும், ஒத்திவைக்கவும், நிராகரிக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பல உறுப்பினர்களே அந்தச் சொல்லை ஏதோ மேலிடத்து உத்தரவு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது, ஐம்பது பொருள்கள் அரை மணி நேரத்துக்குள் ‘ஆல் பாஸ்’ ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘முன் அனுமதி’ என்ற சொல்லைக் கண்டால் அங்கே நின்று படியுங்கள். குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது, மோட்டார் எரிந்துவிட்டது என்றால் கூட்டம் வரும் வரை காத்திருக்க முடியாது. தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பார்கள். அந்த ஏற்பாடு தேவையானது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே மோட்டார், அதே தெருவின் குழாய், அதே வகைச் சாமான் முன் அனுமதியில் வந்துகொண்டே இருந்தால் அதை அவசரம் என்று சொல்ல முடியாது. ஆறு மாத அஜெண்டாவை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மோட்டார் எத்தனை தடவை பழுதானது என்று பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். புது மோட்டார் வாங்கியிருந்தால் எவ்வளவு மிச்சம் என்பதும் அப்போது தெரியும்.

அஜெண்டாவின் தொடக்கப் பக்கங்களில் அநேகமாக முந்தைய மாதப் பிறப்பு, இறப்பு விவரம் இருக்கும். யாரும் பார்க்காத பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உறுப்பினராக இருந்தார், அவர் மட்டும் மாதம் தவறாமல் அதைப் படிப்பார். “ஊரே பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கு, இங்க எண்ணிக்கை இவ்வளவுதானா?” என்று ஒருமுறை கேட்டார். காரணம் இதுதான். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவாகும். பிரசவத்துக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால் பதிவு மதுரை மாநகராட்சிப் பக்கம் போய்விடும். இது தெரியாமல் சொந்த ஊர் நகராட்சியில் வந்து சான்றிதழ் கேட்டு, “இங்கே இல்லை” என்றதும் பதறிப்போனவர்கள் எத்தனையோ பேர். பதிவுக்கு 21 நாள் கெடு, அதற்குள் கட்டணம் இல்லை. அந்த ஆசிரியர் கேட்ட பிறகு அலுவலக வாசலில் இதை எழுதி ஒட்டினோம்.

மன்றமே இல்லாத காலத்தையும் பார்த்திருக்கிறேன். 2016 அக்டோபரில் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. புது உறுப்பினர்கள் மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. ஆணையாளர் என்ற முறையில் குறிப்பில் கையெழுத்துப் போடுபவரே, தனி அலுவலர் என்ற முறையில் மன்றத்தின் இடத்திலும் கையெழுத்துப் போடுவார். நாற்காலிகள் அடுக்கிக் கிடந்த கூடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ‘மன்றத் தீர்மானம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள், வேலைகளும் நடந்தன. ஆனால் “எங்க தெருவில் தண்ணி நாலு நாளா வரல” என்று மேசையைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. மன்றக் கூட்டத்தின் கூச்சல் எரிச்சலாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் அந்த ஐந்து ஆண்டின் அமைதியைக் கேட்டிருக்க வேண்டும்.

2022 தேர்தல் இன்னொன்றையும் கொண்டுவந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு சட்டம் 2016-லேயே வந்துவிட்டது என்றாலும், நகர்ப்புறத்தில் அதன்படி நடந்த முதல் தேர்தல் இதுதான். பாதி நாற்காலிகளில் பெண்கள். ஆனால் அஜெண்டாவைக் கொண்டுபோன உதவியாளர், “வீட்டுக்காரர்தான் சார் வாங்கிக்கிட்டார்” என்று திரும்பி வந்த நாட்கள் நிறைய. இதில் நான் தயங்காமல் சொல்வேன்: கையெழுத்து உறுப்பினருடையதாக இருக்க வேண்டும், படிப்பதும் உறுப்பினராக இருக்க வேண்டும். கூட்டத்தில் உட்காரவும் பேசவும் உரிமை அவருக்கு மட்டும்தான். வார்டு மக்களும் போனை அவர் கணவருக்குப் போடாமல் அவருக்கே போட வேண்டும். முதல் மூன்று கூட்டம் வாயே திறக்காத ஒரு பெண் உறுப்பினர், நான்காவது கூட்டத்தில் எழுந்து, “போன மாசம் நாலு லோடு குடிநீர் லாரி எங்க வார்டுக்கு வந்ததா எழுதியிருக்கு. ரெண்டுதான் வந்துச்சு. நான் நின்னு எண்ணினேன்” என்றார். கூடம் அப்படியே அமைதியானது. அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

நகராட்சிகளை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடத்திவந்தது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகள், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகள், சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் மாதிரியான பேரூராட்சிகள் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்களே உறுப்பினர்களாகக் கூடும் பகுதி சபையும் வந்திருக்கிறது. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ல் நடந்தன. கிராமசபைக்குப் போகும் பழக்கம் கிராமத்தில் இருக்கிறது. டவுன்காரர்களுக்கு இந்தச் சபை இன்னும் பழகவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்துக்கு என்ன வேலை போக வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லவும், சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லவும் இதைவிட நேரான இடம் வேறில்லை.

மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான மனுக்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ‘எங்கள் பகுதியில் அடிப்படை வசதி இல்லை, ஆவன செய்யவும்’ என்று வரும் மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே தெரியாது. ‘இந்தத் தெருவில் இந்த எண் கம்பத்தில் விளக்கு இத்தனை நாளாக எரியவில்லை’ என்று வந்தால் அன்றைக்கே ஆள் போய்விடுவார். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், பார்த்து எழுதுங்கள். மனுவைக் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைக் கவுன்சிலரிடம் கொடுத்து, மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய வேலையாக இருந்தால் தெருக்காரர்கள் சேர்ந்து, எங்கிருந்து எங்கே வரை என்று நீங்களே டேப் பிடித்து அளந்து எழுதிக் கொடுங்கள். அளவோடு வரும் மனுவைப் பொறியாளர் தள்ளிவைக்க மாட்டார்.

வேலை நடந்துவிட்டதா, சந்தேகம் இருக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்று காகிதம் கேளுங்கள்: மன்றத் தீர்மான நகல், வேலை உத்தரவு, எம்-புக் நகல். எம்-புக் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். பில் அதை வைத்துத்தான் போடப்படும். நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் இருக்கும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் வேண்டாம், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம். கேட்கிறவர் மேல் அலுவலகத்தில் யாருக்கும் கோபம் வரக்கூடாது, சில இடங்களில் வருகிறது. அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

கூட்டத்தைப் பார்க்கவும் போகலாம். தலைவரின் அனுமதியோடு பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். பேச முடியாது, ஆனால் உங்கள் தெருவின் பொருள் எண் வாசிக்கப்படும்போது நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதை உங்கள் உறுப்பினர் பார்ப்பார்.

அந்த இட்லிக் கடை அம்மா விடவில்லை. தெருவில் பதினெட்டு வீட்டுக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார், கவுன்சிலர் வீட்டுக்கு நடந்தார். ஆறேழு மாதம் கழித்து, ‘விடுபட்ட பகுதியில் ஓடை வரை வடிகால் நீட்டித்தல்’ அஜெண்டாவுக்கு வந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கடையை மருமகளிடம் விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தார். கவுன்சிலரிடம் வாங்கிய காகிதம் கையில் இருந்தது.

“ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க சார்.”

வாசித்தேன். ‘வரை’ வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஓடைப் பாலம் வரைன்னு போட்டிருக்கே. பாலத்துக்கு இங்கிட்டு நின்னாலும் பாலம் வரைதான், அங்கிட்டுப் போனாலும் பாலம் வரைதான். இங்கிட்டு மேடு சார். தண்ணி ஏறாது.”

பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். அவர் சொன்னபடி, ‘பாலத்தின் தென்புறம், ஓடையில் சேரும் இடம் வரை’ என்று அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்து, திருத்தப் பக்கமாக எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பினோம். நீளம் 12 மீட்டர் கூடியது.