டயர் தோளில் ஒரு சாக்பீஸ் கோடு

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு வந்து போகும் வண்டிகள்தான் என் கடைக்குச் சோறு போடுகின்றன. டயர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது, காற்று அடிப்பது என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. கழற்றிய டயரைக் கையால் தடவினாலே ஓரளவு கதை தெரிந்துவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரத்தில் இழைப்புளி ஓட்டியதுபோல இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது.

சென்ற ஆண்டு என் அக்கா மகன் தன் பழைய ஸ்விஃப்டைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, முன்டயரில் இந்த மூன்றிலும் சேராத ஒரு தேய்மானம் இருந்தது. டயரின் தோள், அதாவது ஓடுபரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் வெளி விளிம்பு, அரம் வைத்து ராவியதுபோலச் சொரசொரத்துக் கிடந்தது. தேய்மானம் பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த எழுத்து வரைக்கும் ஏறியிருந்தது.

"எங்கே ஓட்டினாய்?" என்று கேட்டேன்.

"கோயம்புத்தூருக்கு வெளியே ஆட்டோகிராஸ் நடந்தது மாமா. வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தேன், நேராகவே போகிறது."

வண்டியில் குற்றமில்லை என்று அந்தத் தோளைப் பார்த்ததுமே தெரிந்தது. அடுத்த முறை அவனோடு நானும் போனேன்.

ஆட்டோகிராஸ் என்பது பெரிய தார்த் தளத்திலோ கான்கிரீட் திடலிலோ ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு அமைத்த வளைவுகளுக்குள் ஓட்டுவது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் தளத்துக்குள் இருக்கும். ஓட்டம் ஒரு நிமிடம் அளவுக்குத்தான். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். ஒரு கோனைச் சாய்த்தால் அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தயச் சங்கத்தின் விதிப்படி 2 விநாடி தண்டம். மற்ற இடங்களில் ஏற்பாட்டாளர் வைத்ததே கணக்கு. நம் பக்கம் மண் தரையில் நடப்பதையும் ஆட்டோகிராஸ் என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் அந்தப் பெயர் புல்வெளி, மண்தரை ஓட்டத்துக்குத்தான்.

டிராக் டே வேறு. உண்மையான பந்தயத் தடத்தில், பந்தயம் இல்லாமல், சொந்தக் காரை ஓட்டிப் பழகும் நாள் அது. எங்கள் எல்லைப் பகுதிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோயம்புத்தூரை ஒட்டிய செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து எளிய விலையில் பந்தயக் கார் செய்து காட்டிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது அது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான்.

ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் முதலில் கோன்களுக்கு நடுவேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தடத்தில் 120ல் கற்க வேண்டிய பாடம் முழுவதும் கோன்களுக்கு நடுவே 45 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைத்துவிடுகிறது. அங்கே தவறினால் உருண்டு விழுவது கோன்.

பாடம் டயரிலிருந்து தொடங்குகிறது. ஓட்டுபவரோடு சேர்த்துக் காரின் எடை 1,000 கிலோ என்று வையுங்கள். சராசரியாக ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரில் 32 பாயின்ட் காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் அட்டையைவிடச் சற்றே சிறியது. ஓடுவது, நிற்பது, திரும்புவது மூன்றையும் தாங்குவது தரையில் கிடக்கும் நான்கு தபால் அட்டைகள்தான்.

வளைவில் திரும்பும் காரை உள்நோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும். அதன் அளவு காரின் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காரின் எடையில் 0.84 பங்கு விசை தேவை. சாலை டயர் காய்ந்த தாரில் சுமார் 0.9 பங்கு வரை தரும். ஆகவே கார் திரும்பும். அதே வளைவில் 50ல் நுழைந்தால் தேவை 1.3 பங்கு. வேகம் கூடியது பத்தே கிலோமீட்டர், தேவையோ ஒன்றரை மடங்குக்கு மேல். அவ்வளவு விசையைத் தரும் சாலை டயர் என் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வழி தெரிகிறது. டயரை மாற்ற முடியாவிட்டால் ஆரத்தை மாற்றலாம். உள் விளிம்பு 12 மீட்டர், வெளி விளிம்பு 20 மீட்டர் ஆரமுள்ள, செங்கோணமாகத் திரும்பும் வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலேயே போனால் ஆரம் 16 மீட்டர். அதிகபட்சம் 43 கிலோமீட்டர் வேகம். வெளி ஓரத்தில் தொடங்கி, நடு வளைவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்தால், கார் வரையும் வில்லின் ஆரம் 39 மீட்டராகிவிடுகிறது. இப்போது 67 வரை போகலாம். காரின் அகலத்தைக் கழித்தால் இந்த எண் குறையும். ஆனால் எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் கிடைக்கும் வேகம் இது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும் மாற்றிவிட்டு, வளைவின் நடுவிலேயே ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

என் மருமகன் செய்த தவறு இதற்கு அடுத்தது. ரப்பர் வளையும் பொருள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் ஒரு திசையைப் பார்க்கிறது. தரையில் பதிந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு சற்று வேறு திசையில் நகர்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள கோணத்தை நழுவு கோணம் என்று சொல்லலாம். அது கூடக்கூடப் பிடிமானமும் கூடும். சாலை டயரில் ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரிக்குள் உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் ஸ்டியரிங்கை ஒடித்தால் பிடிமானம் கூடாது, குறையத் தொடங்கும். டயர் தன் தோளின் மேல் சாய்ந்து தரையை உராய்ந்துகொண்டே நேராகப் போகும். அவன் டயர் காட்டிய தேய்மானம் இதுதான்.

காது இங்கே கண்ணைவிட நல்ல கருவி. டயர் மெல்ல முனகினால் உச்சத்தை நெருங்குகிறது. முனகல் அலறலாக மாறினால் உச்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுக்க வேண்டும். வண்டி திரும்பாதபோது ஸ்டியரிங்கைக் குறைப்பதற்கு மனம் அவ்வளவு எளிதில் ஒப்பாது. இருபது ஓட்டம் ஓட்டிய பிறகுதான் கை அதை ஏற்றுக்கொள்ளும்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து விடியற்காலையில் கள் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுநர்களுக்கு அடுத்த பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேனுக்குள் கள் முன்னும் பின்னும் அலையும் என்று தெரிந்தே அவர்கள் பிரேக்கை அமுக்குகிறார்கள். திரவம் ஏற்றாத காரிலும் எடை இப்படித்தான் இடம் மாறுகிறது. 1,000 கிலோ காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம், முன்பின் சக்கரங்களுக்கு இடைவெளி 2.45 மீட்டர் என்றால், பலமாக பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்களின் மேலிருந்து சுமார் 180 கிலோ முன்சக்கரங்களுக்குப் போய்விடும். முன்னால் 620, பின்னால் 380 என்று நின்ற கார் இப்போது 800, 200 என்று நிற்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் நூறே கிலோ. அந்த நொடியில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலும் சிறிய அளவில் இதேதான் நடக்கும்.

எடை முன்னால் வந்தால் முன்டயருக்கு லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான், ஆனால் முழு லாபம் இல்லை. டயர் மேல் சுமையை இரட்டித்தால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஒரு டயர் இழந்ததை இன்னொரு டயர் முழுதாக ஈட்டித் தருவதில்லை. ஆகவே நான்கிலும் சுமை சமமாக இருக்கும்போதுதான் காரின் மொத்தப் பிடிமானம் அதிகம். நல்ல ஓட்டுநரின் கையும் காலும் நிதானமாக நகர்வதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

டயரின் பிடிமானத்தை மாதச் சம்பளம்போல நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கும் திரும்புவதற்கும் அதே சம்பளம்தான். ஆனால் கழித்தல் கணக்கு சாதாரணமாக இருக்காது. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் பித்தகோரஸ் தேற்றப்படி நடக்கிறது. பிரேக்குக்கு 100 பங்கும் போனால் திரும்ப எதுவும் மிஞ்சாது. 80 போனால் 20 அல்ல, 60 மிஞ்சும். 60 போனால் 80 மிஞ்சும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதை அனுபவசாலிகள் செய்வார்கள். சம்பளத்தில் ஒரு காசையும் வீணாக்காத வழி அது. புதியவர்கள் அதை முதல் நாளே முயல வேண்டாம். நேர்கோட்டில் பிரேக்கை முடித்துவிட்டுத் திரும்பினால் போதும்.

இரண்டாம் முறை போனபோது ஒரு சாக்பீஸைக் கொண்டுபோயிருந்தேன். முன்டயர்கள் ஒவ்வொன்றிலும் ஓடுபரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடங்களில் குறுக்கே கோடு போட்டேன். டயரின் தோளில் கூர்ந்து பார்த்தால் ஒரு சின்ன முக்கோணம் அச்சாகியிருக்கும். டயரை மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்துவிட்டதா என்று காட்ட ஓடுபரப்பின் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை எங்கே இருக்கிறது என்று காட்டும் குறி அது. ஓட்டம் முடிந்து வந்தபோது கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் காற்று சரி. தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிந்து உருள்கிறது, காற்று போதாது. முக்கோணத்தை எட்டவே இல்லை என்றால் காற்று கூடிப்போயிற்று. 32 பாயின்ட்டில் ஓடிவந்தபோது கோடு முக்கோணத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் அழிந்திருந்தது. 35 வைத்தோம், அரை விரல். 38ல் முக்கோணத்தின் நுனியில் வந்து நின்றது. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒரு பாயின்ட் தானாகவே கூடிவிடும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் அளவுமானியோடு நான் குனிந்தபடியே இருந்தேன்.

டிராக் டேக்குப் போகும்போது டயரைவிட பிரேக்தான் கவலை. 1,000 கிலோ காரை 120லிருந்து 60க்குக் குறைத்தால் வெளியாகும் ஆற்றல் சுமார் 416 கிலோ ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒவ்வொரு பெரிய வளைவிலும் அவ்வளவு வெப்பமும் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் பரவுகிறது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடிவரை போயும் கார் நிற்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழைக்காற்றை இரண்டு ஆண்டு குடித்த ஆயிலோடு யாரும் தடத்தில் இறங்கக் கூடாது. கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து கியரில் விடுங்கள்.

மற்றவை எளியவை. நல்ல ஹெல்மெட் வேண்டும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், ஓட்டுநர் காலடி மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பாலிசிகள் ஏற்பாடு செய்த பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே வைத்திருக்கின்றன. உங்கள் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். வாளையாறு நெடுஞ்சாலையில் இரவில் கேட்கும் எஞ்சின் சத்தம் என் வயிற்றைக் கலக்குகிறது. கோன்கள் நட்ட ஒரு திடல் பக்கத்திலேயே இருக்கும்போது அது எதற்கு?

அன்று மருமகனுக்கு மிகவும் கடினமாக இருந்தது கண் விஷயம். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் போகிறது. பக்கத்துக் கோனைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் அது பின்னால் போய்விடும். அதற்கடுத்த கோனைப் பார்க்க வேண்டும். அருகில் இருப்பதை ஓரப்பார்வை கவனித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து "அடுத்தது, அடுத்தது" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது ஓட்டத்தில் டயர் அலறவில்லை, முனகியது. முதல் ஓட்டத்தைவிட 4 விநாடி குறைந்திருந்தது. மெதுவாக ஓட்டியதாகத்தான் அவன் நினைத்திருந்தான். "நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டார்களா மாமா?" என்று கேட்டான்.

பொழுது சாய வேலந்தாவளம் வந்து சேர்ந்தோம். உடனே காற்றை 32க்கு இறக்கச் சொன்னான். நான் விடவில்லை. சூடாக இருக்கும்போது 32 வைத்தால், ஆறியதும் 28ல் நிற்கும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன், நான்கு டயரும் கைக்குச் சில்லென்று இருந்தபோது இறக்கினேன்.